செத்த ராசாவுக்குப் பொன்னாடை

நாடகக் குழுவில் லைட்டும் சவுண்டும் பார்ப்பவனுக்கு ஜெர்மனியில் பெரிய மதிப்பு உண்டு. குழுவின் வான் வண்டியை ஓட்டுவதும் சிம்மாசனம் சுமப்பதும் அவன்தான். அந்த மதிப்பை நான் பல வருடம் முதுகுவலியோடு அனுபவித்தேன்.

எங்கள் ராசா துரை அண்ணை. கிழமை நாட்களில் பேக்கரியில் மாப் பிசைவார்; சனிக்கிழமையானால் நாடாள்வார். அவர் மனைவி மலர் அக்காதான் ராணி. ஊர் ஊராகத் தமிழ்ச் சங்க விழாக்களில் ஆடினோம். எங்குமே நாடகம் ஒழுங்காக முடிந்ததில்லை. ராசா சாகும் நேரம் பார்த்துத்தான் பிரமுகர்களுக்குப் பொன்னாடை ஞாபகம் வரும். ராசா எழுந்து, போர்த்திக்கொண்டு, கும்பிட்டு, மறுபடி படுத்துச் சாவார். அதற்குள் சனம் கொத்துரொட்டி வரிசையில் நிற்கும்.

பீலெஃபெல்டுக்குப் போகும்போது மலர் அக்கா வானுக்குள் வெடித்தார்.

"இஞ்சருங்கோ, இண்டைக்கும் செத்து எழும்பினா இதுதான் கடைசி நாடகம். இனி நான் வரமாட்டன். வயித்தெரிச்சலா கிடக்கு."

ராணி போனால் குழுவே போய்விடும் என்பது அண்ணைக்குத் தெரியும்.

அன்று சாவு அருமையாக வந்தது. அம்பு பட்டு விழுந்தவரின் முகத்துக்கு ஸ்பொட் லைட்டைக் கொண்டுபோனேன். பின்வரிசைக் கதைகூட நின்றது. பொறுக்குமா? விழாத் தலைவர் மைக்கோடு மேடையேறினார்.

"அன்பான உறவுகளே, எங்கட மாபெரும் கலைஞருக்கு இப்ப பொன்னாடை போர்த்தப் போறம். அண்ணை, ஒருக்கா எழும்புங்கோ."

அண்ணை அசையவில்லை.

"அண்ணை, சாப்பாடு ஆறுது!" என்று தலைவர் அவசரப்படுத்தினார்.

அண்ணையின் கொலர் மைக்கை மண்டபத்துக்குக் கேட்காதபடி அவர் விழுந்தபோதே மூடியிருந்தேன். என் ஹெட்போனில் மட்டும் அவர் குரல் வந்தது: "ஏலாது கதிர். நான் செத்துட்டன். லைட்டை நூத்துப்போடாதை." அணைக்காமல் அவர் முகத்திலேயே பிடித்திருந்தேன்.

தலைவர் திருதிருவென்று முழித்தார். கடைசியில் வேறு வழியில்லாமல், குனிந்து பிணத்தின்மேல் பொன்னாடையை விரித்தார். அவ்வளவுதான். மலர் அக்கா "என்ரை ராசா!" என்று அதன்மேல் விழுந்து ஒப்பாரி வைத்தார். எந்தப் பிரதியிலும் இல்லாத ஒப்பாரி. தலைவர் பதறிப்போய், சாவு வீட்டுக்கு வந்தவர்போல் காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றினார். செயலாளர் தன் கழுத்து மாலையைக் கழற்றிக் காலடியில் வைத்தார். மற்ற பிரமுகர்களும் வரிசையாக வந்து கும்பிட்டுப் போனார்கள். முன்வரிசைப் பெண்கள் விம்மினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அழுதேன். கொத்துரொட்டியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை ஸ்டுட்கார்ட் சங்கத்திலிருந்து போன் வந்தது. அந்தச் செத்தவீட்டுக் காட்சி கட்டாயம் வேண்டுமாம். அவர்களுடைய தலைவரும் மேடையில் வந்து அழ வேண்டுமாம்.

மலர் அக்கா உடுப்புப் பெட்டியைப் பூட்டியபடி அண்ணையிடம் சொன்னார்: "நான் வாறன். ஆனா எழும்பினியளெண்டா நானே கொல்லுவன்."

இத்தனை வருடத்தில் நான் கற்ற மேடை நுட்பமும் இதுதான்: செத்தால் செத்தபடியே கிடக்க வேண்டும், கூப்பிடுபவர் தலைவராகவே இருந்தாலும்.