திட்டுவதற்கும் ஆள் வேண்டும்

கல்யாணமாகி உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. நான் பிறந்தது தென்னேரியில், ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீட்டில். கணவர் வீட்டார் தாத்தா காலத்திலிருந்து கிறிஸ்தவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். போதகர் கேட்டதற்கெல்லாம் சொல்லிக்கொடுத்தபடி பதில் சொன்னேன். தலையில் தண்ணீர் விழுந்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கண்ணை மூடும்போது நானும் மூடிக்கொண்டு, மத்தியானம் என்ன குழம்பு வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

எதிர்வீட்டு அக்காவோடு அப்போது அதிகம் பழக்கமில்லை. அவளும் எங்கள் சபைதான். கணவர் இறந்துபோய், தையல் மெஷினை வைத்து ஒரே மகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். நடவு நாட்களில் எங்களோடு கழனிக்கும் வருவாள். கொஞ்சம் வாய்த்துடுக்கு என்று மாமியார் சொல்லியிருந்தார்.

என் முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் சபைப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். கர்த்தருடைய சித்தம் என்றார் ஒருவர். நல்லதுக்காகத்தான் எடுத்துக்கொண்டார் என்றார் இன்னொருவர். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மார்பு கல்லாகக் கனத்து வலித்தது. அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள்.

"பால் கட்டிக்கினு துடிச்சிக்கினு கீது பொண்ணு. அவகிட்ட வந்து சித்தம் இன்னா வேண்டிக்கீது? எயுந்து வூட்டுக்குப் போங்க" என்றாள்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, முந்தானையில் கொண்டுவந்திருந்த மல்லிப்பூவை என் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் வற்றுவதற்கு. கட்டி முடித்ததும் நான் கேட்டேன்.

"உங்க சாமி எதுக்குக்கா எம் புள்ளய எடுத்துக்கினாரு?"

"எனக்குத் தெரியாது மே. அவரையே கேளு. திட்டணும்னா நல்லா திட்டு. கேட்டுக்குவாரு."

சாமியைத் திட்டலாம் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. சில நாள் கழித்து ஏரிக்கரையில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் போய், வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். பிறந்த ஊர்த் தெருச்சண்டையில் கேட்ட வார்த்தைகள் எல்லாம் வந்தன. கத்தி முடித்தபோது யாரோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. நான் பண்ணிய முதல் ஜெபம் அதுதான்.

அதற்கப்புறம் நான் வேதம் படித்ததெல்லாம் அக்காவோடுதான். குனிந்து நாற்று நட்டுக்கொண்டே ஏதாவது கேட்பாள். செத்துப்போன சிநேகிதனை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு ஏன் அழுதார் என்று ஒருமுறை கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை போதகரிடமே கேட்டாள். அவர் நின்றபடியே நெடுநேரம் விளக்கினார். வரும் வழியில் அக்கா சிரித்தாள்.

"அவருக்கே புரியல, பாவம். கூட இருக்கறவங்க அழுதாங்க, இவருக்கும் அழுகை வந்துச்சி. இதுல விளக்கறதுக்கு இன்னா கீது?"

எனக்கு ஒரு கடவுள் கிடைத்தார் என்றால், அப்படிக் கூட உட்கார்ந்து அழுகிறவர்தான் கிடைத்தார். பிறகு எனக்கு ஒரு மகள் பிறந்தாள். அக்காவின் மகள் காஞ்சிபுரத்தில் நர்சிங் சேர்ந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்து என் மகளைத் தூக்கிக்கொண்டுதான் தன் வீட்டுக்குப் போவாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து சென்னை. ஆம்புலன்ஸில் நானும் போனேன். பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில், மத்தியான வெயில் காலில் விழ, அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வாய் வரல மே. நீ பண்ணு."

பண்ணினேன். அவள் சொல்லிக்கொடுத்த எல்லா விதத்திலும் பண்ணினேன். கெஞ்சினேன், அழுதேன், திட்டினேன். உள்ளே இருந்து டாக்டர் வந்து அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதும் நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் முடிந்துவிடும் என்று தோன்றியது. அக்கா போட்ட சத்தத்தில்தான் திறந்தேன்.

அடக்கத்துக்குப் பிறகு அக்கா சபைக்கு வரவில்லை. யாராவது பார்க்கப் போனால் மெஷினில் தலையைக் குனிந்துகொள்வாள். கடைசியில் போதகர் என்னிடம் வந்தார்.

"நீங்க சொன்னா கேப்பாங்கம்மா. அவங்ககிட்ட பேச எனக்கு வார்த்தையே கிடைக்கல" என்றார். அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

போனேன். அவள் எனக்குச் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன்.

"திட்டணும்னா திட்டுக்கா. கேட்டுக்குவாரு."

அக்கா மெஷினை நிறுத்தினாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

"திட்டறதுக்கும் ஒரு ஆளு வேணும்ல மே? நானும் கூப்ட்டுப் பாத்தேன். அங்க யாரும் இல்ல."

இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருக்கிறார் என்று எனக்குச் சொன்னவளே அவள்தானே. அவளிடம் எதைக் காட்டி நான் சொல்வது? ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். அவள் யாருடைய ஜாக்கெட்டுக்கோ கை தைத்து முடித்தாள்.

கிளம்பும்போது, "உனக்காக நான் ஜெபம் பண்ணிக்கினு இருக்கேன்க்கா" என்றேன்.

"பண்ணு. உன்னைய வேணாம்னு சொல்லல. என் பேர மட்டும் அங்க சொல்லாத."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் முழங்காலில் நிற்கும்போது, கணவர், மகள், மாமியார் என்று சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடுகிறேன். பெயரைச் சொன்னால் அவளுக்குக் கொடுத்த வார்த்தை போச்சு. சொல்லாமல் தாண்டிப் போக மனசு வரவில்லை. பெயரைச் சொல்லாவிட்டால் கர்த்தருக்குத் தெரியாதா என்று மாமியார் சொல்கிறார். தெரிந்திருக்கலாம். அந்த வராந்தாவிலும் அவருக்குத் தெரிந்துதானே இருந்திருக்கும் என்று மனசு உடனே கேட்கிறது. முன்பெல்லாம் இப்படி ஏதாவது வந்தால் வரப்பில் நின்று அக்காவைக் கேட்பேன். இப்போது கேட்க ஆள் இல்லாமல் தவிக்கிறேன்.

அக்கா என்னோடு பேசாமல் இல்லை. நடவுக்கு ஒன்றாகத்தான் போகிறோம். மழையைப் பற்றிப் பேசுகிறாள், ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசுகிறாள். கிறிஸ்துமஸுக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் துணியை எப்போதும்போல அவளேதான் தைத்துக் கொடுத்தாள். பண்டிகை அன்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்த வருஷமும் மழை பிடித்துவிட்டது, கொசு தாங்க முடியவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை அக்கா நிலவேம்புக் கஷாயம் காய்ச்சி என் மகளுக்குக் கொண்டுவருகிறாள். கசக்கிறது என்று பிள்ளை முகத்தைச் சுளித்தால் அதட்டுகிறாள். கடைசிச் சொட்டு உள்ளே போகும்வரை வாசலிலேயே நிற்கிறாள். பிறகு பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். நான் அந்த டம்ளரைக் கழுவி அவள் கையில் கொடுக்கிறேன்.