அரையும் மூன்றில் ஒன்றும்

வண்டன்மேட்டு மழைக்காலத்தில் சிலேட்டுக்கு ஒரு வாடை உண்டு. எச்சில் தொட்டு உள்ளங்கையால் தேய்த்த குச்சிமாவும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகையும் சேர்ந்த வாடை. ஈரத்தில் மறைந்த கணக்குகள் காய்ந்ததும் வெள்ளையாகத் திரும்பி வரும் என்பதால், எழுபதுகளில் ஐந்தாம் வகுப்பில் நான் போட்ட தப்புகளுக்கெல்லாம் மறுபிறவி இருந்தது.

அந்த வருஷம் பின்னக் கணக்கு. தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளான எங்கள் "லயத்தில்" அடுத்த வீட்டு எஸ்தர் என்னோடு படித்தவள். தம்பி சாமு பிறந்ததும் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். அவள் அம்மா ஏலக்காட்டில் காய் எடுக்கப் போனால் பிள்ளையை வேறு யார் பார்ப்பது? "சாமு நடந்துட்டான்னா அனுப்பிருவேன் சார்" என்று வாத்தியாரிடம் சொல்லியிருந்தார். ஆகவே எஸ்தர் தினமும் சாயங்காலம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பாள், அன்றைய பாடத்தை நான் சொல்ல வேண்டும். அவளுக்கு வாய்த்த வாத்தியார் நான்; அதற்கு மேல் அவள் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டும் பாடம் நடந்த அன்று, மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று பெருமையாக எழுதிக் காட்டினேன். எஸ்தர் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட அரைக் கிழங்கு இருக்கு. நீ இன்னுங் கொஞ்சம் தர்ற. அரைய விடக் கொறஞ்சு போகுமாடா?"

கையிலிருந்த "கப்பை"யை, அவித்த மரவள்ளிக் கிழங்கை, ஆறாக வெட்டினாள். ஆறு என்றால்தான் இரண்டாலும் பிரியும், மூன்றாலும் பிரியும் என்றாள். பாதிக்கு மூன்று துண்டு, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு, ஆக ஆறில் ஐந்து. மீந்த ஆறில் ஒன்றைச் சாமு வாயில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் சார் என் விடையைப் பார்த்துவிட்டு யாரைப் பார்த்து எழுதினாய் என்றார். எஸ்தர் என்றேன். சீக்கிரம் அந்தப் பயலை நடக்க வையுங்கள் என்றார்.

அதுவே எங்கள் வேலையாயிற்று. நான் முன்னால் தவழ்ந்து வழிகாட்டினால் சாமு என் முதுகில் ஏறிச் சவாரி செய்தான். தவழ்வதில் நான்தான் தேறினேன். மழை விட்ட பிறகு ஒரு சாயங்காலம் சுவரை விட்டுவிட்டு அவனாகவே நடந்து வந்தான். தூக்கிக்கொண்டு ஏலக்காட்டுப் பாதைக்கு ஓடி, வேலை விட்டு வந்த அவன் அம்மாவுக்கு எதிரே இறக்கிவிட்டோம். தள்ளாடிப் போய் அவர் சேலையைப் பிடித்தான். வாரி எடுத்து முத்தமிட்டவர், மூச்சு வாங்கிப் பாதையோரத்திலேயே உட்கார்ந்தார்.

"சித்திரையில இன்னொண்ணு வந்துரும்டி" என்றார், மகள் முகத்தைப் பார்க்காமல்.

எஸ்தர் நடக்கத் தெரிந்த பிள்ளையை மறுபடி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பின்னங்களை வகுக்கும் பாடம். சிலேட்டோடு வாசலில் காத்திருந்தேன். எஸ்தர் வந்தாள். தீப்பெட்டி கேட்டாள், வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இன்று அந்த லயம் இல்லை. அந்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி நிற்கிறது. எஸ்தர் குடும்பம் மலையிறங்கிக் கம்பம் பக்கம் போனதாகக் கேள்வி. என் பேத்தி கணக்கு நோட்டோடு வந்தால் பின்னத்தில் கூட்டல், கழித்தல், பெருக்கல் வரை ஜம்பமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். வகுத்தல் வந்தால், அப்பாவிடம் போய்க் கேள் என்று அனுப்பிவிடுகிறேன்.