ஒன்பது பாட்டும் ஒரு பக்க ஹெட்ஃபோனும்

தங்கை எதையெல்லாம் ஜெயித்தாள் என்று அக்காவைக் கேட்டால் விரல் மடக்கிச் சொல்வாள். ஆறு வயதில் வந்த காய்ச்சல் இடது காதைக் கொண்டுபோனது. மிச்சமிருந்த காதை வைத்தே கிட்டார் பழகினாள். "ஒத்தக் காதுக்குப் பாட்டு எதுக்கு?" என்று வாசலோடு அனுப்பிய வாத்தியாரை ஜெயித்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுச் சிவந்த விரல்களை ஜெயித்தாள். ஒரு ராக் குழுவுக்கு அவள் எழுதிக் கொடுத்த நான்கு பாட்டும் குழுத் தலைவன் பெயரில் வெளிவந்தபோது, சண்டை போடாமல் விலகி வந்து தனியாக ஒன்பது பாட்டு எழுதினாள்.

கடைசி விரலை மடக்குமுன் அக்கா கொஞ்சம் தயங்குவாள். அது அக்கா செய்த தப்பு.

அக்காவுக்குக் கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் வேலை. விளக்குக்கு முன்னால் வரிசையாக நகரும் பாட்டில்களில் கீறலோ குமிழோ இருந்தால் பொறுக்கிப் போட வேண்டும். எட்டாவதோடு படிப்பு நின்றாலும் அவள் கண்ணுக்குத் தப்பிய பாட்டில் கிடையாது. ஆகவே அந்த ஒன்பது பாட்டு ஆல்பத்தைச் சரிபார்க்கும் பொறுப்பும் இயல்பாக அவள் தலையில் விழுந்தது.

பதிவு வீட்டிலேயே நடந்தது. இரவல் வாங்கிய கணினி, இரண்டு மைக், மேளத்துக்குப் பதில் காலியான சோப்புத்தூள் டிரம். ஒரு மைக் தங்கையின் வாய்க்கு நேரே. இன்னொன்றைச் சமையலறை வாசல் கொக்கியில் மாட்டிய தங்கை அதை மறந்தே போனாள். பாட்டுகளைக் கணினியில் சேர்த்த பிறகு அக்கா ஹெட்ஃபோனை மாட்டி ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்டு, நோட்டில் 'சரி' என்று எழுதினாள்.

அந்த ஹெட்ஃபோனில் இடது பக்கம் செத்து இரண்டு வருஷமாகியிருந்தது. தங்கைக்குத் தேவைப்படாத பக்கத்தை ரிப்பேர் செய்ய வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வியாழக்கிழமை ஆல்பத்தை வெளியிட இருவரும் லீவு போட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள். ஒலிப்பதிவாளர் முதல் பாட்டைப் பெரிய ஸ்பீக்கர்களில் ஓடவிட்டு, பாதியில் நிறுத்தினார்.

"ஏம்மா, கிட்டார், குரல், டிரம் எல்லாம் வலது பக்கம் நெருக்கியடிச்சு நிக்குது. இடது பக்கம் ஒரு குடும்பமே குடியிருக்கே!"

அக்கா இடது ஸ்பீக்கர் அருகே போனாள். சமையலறைக் கொக்கியில் மறந்த மைக் பிடித்ததெல்லாம் அதில் கேட்டது. அம்மா பாத்திரம் கழுவினாள். அப்பா தும்மினார். எல்லாவற்றுக்கும் மேலே அக்காவின் குரல்: "சத்தம் போடாதீங்க, அவ பாடுறா!" வீட்டிலேயே பெரிய சத்தம் அதுதான்.

அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று.

"நான் சேர்த்துத் தர்றேன், ரெண்டு நாள் வேலை," என்றார் ஒலிப்பதிவாளர். "ஆனா இசைச் சேர்க்கைன்னு என் பேர்தான் வரும். அது இங்க வழக்கம்."

"சரின்னுடு குட்டி," என்றாள் அக்கா. "தப்பு என்னோடது. பாட்டாவது நல்லா வரட்டும்."

"நாலு பாட்டு அப்படித்தான் போச்சு," என்றாள் தங்கை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சார், சாயங்காலம் வரைக்கும் இடம் எங்களுதுதானே? அக்கா, நீ அந்த ஸ்பீக்கர் பக்கத்துலயே நில்லு. அந்தப் பக்கம் என்ன கேக்குதுன்னு ஒண்ணு விடாம சொல்லு."

"எனக்கு என்னடி தெரியும் சங்கீதம்?"

"பாட்டில் பாக்குற மாதிரி பாரு."

அப்படியே செய்தார்கள். தங்கை கிட்டாரையும் குரலையும் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்குத் தள்ளினாள். போதாவிட்டால் அக்கா கையை உயர்த்துவாள், மிஞ்சினால் தாழ்த்துவாள், சரியானதும் மேசையில் ஒரு தட்டு. பாத்திரச் சத்தத்தையும் தும்மலையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தாள். மத்தியானச் சாப்பாடு மறந்துபோயிற்று. முதலில் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்த ஒலிப்பதிவாளர், ஐந்தாவது பாட்டின்போது இருவருக்கும் டீ வாங்கி வந்தார்.

ஒன்பதாவது பாட்டு முடியும் இடத்தில், டிரம் ஓய்ந்த பிறகு, இடது பக்கம் "சத்தம் போடாதீங்க, அவ பாடுறா" வந்தது.

"இதையும் எடுத்துடு," என்றாள் அக்கா அவசரமாக.

"எது, எனக்குத்தான் கேக்கலையே," என்றாள் தங்கை. அதை எடுக்கவில்லை.

ஒலிப்பதிவாளர் வெளியீட்டுப் படிவத்தை நீட்டினார். பாடல், இசை, இசைச் சேர்க்கை என்று மூன்று கட்டம். தன் பெயர் என்று ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. தங்கை மூன்றிலும் தன் பெயரை எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டாள். தான் எழுதிய பாட்டுக்குக் கீழே அவள் கையெழுத்து விழுவது அதுவே முதல் முறை. அக்கா தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள்.

"தேதி போடலியே குட்டி."

தங்கை மறுபடி பேனாவைத் திறந்தாள். 2019, மார்ச் 14.