பூட்டு அத்தை

எங்கள் அத்தை துணிப்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். மெஷின் சத்தத்தில் பேசிப் பழகியதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவாள்.

சில வருடங்களுக்கு முன் அவளுக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன் என்றார்கள். மயக்க மருந்து போட்டதும் தாடை இறுகிவிட்டது. மூச்சுக்குழாய் இறக்க வாயைத் திறக்கவே முடியவில்லை. மருத்துவர் உடனே எல்லாவற்றையும் நிறுத்தினார். பிழைத்தாள்.

"தாடை இறுகினது முதல் எச்சரிக்கைம்மா. விட்டிருந்தா உடம்பு நெருப்பாச் சுட்டு, சதையெல்லாம் விறைச்சு, உயிரே போயிருக்கும். உங்க ரத்த சொந்தத்துக்கும் இது இருக்கலாம். எந்த ஆபரேஷன்னாலும் முன்னாடியே சொல்லிடுங்க, வேற மருந்து இருக்கு" என்றார் அவர்.

அத்தை கண்ணில் பட்ட சொந்தக்காரர்களிடமெல்லாம் இதைச் சொன்னாள்.

"இவ வாயையே மூட வெச்ச மருந்தா? எங்க கிடைக்கும், ஒரு பாட்டில் வாங்கி வைக்கலாம்" என்றார் அவளுடைய அண்ணன், அதாவது என் பெரியப்பா. வீடே சிரித்தது. 'பூட்டு' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

பெரியப்பா மகனான என் அண்ணனுக்குப் பெண் பேசி முடித்த சமயம், அவன் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தது; ஆபரேஷன் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அத்தையைப் பெரியப்பா வாசலிலேயே மறித்தார்.

"பொண்ணோட அப்பா உள்ள உக்காந்திருக்காரு. பரம்பரை வியாதி அது இதுன்னு நீ கத்தினா சம்பந்தமே கெட்டுடும். வேலைக்குக் கிளம்பு."

"அப்ப டாக்டர்கிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"மறந்துடாதே அண்ணே. தாடைன்னு சொன்னாலே அவங்களுக்குப் புரியும்."

"அதான் சொல்றேங்கிறேன்ல, போ."

நம்பிப் போனாள்.

குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று மருத்துவர் கேட்டபோது, சம்பந்தி பக்கத்திலேயே நின்றார். "அப்படி யாரும் இல்லீங்க" என்றார் பெரியப்பா. கூட நின்று கேட்ட பெரியம்மா இதை எங்களிடம் சொன்னதே மாதங்கள் கழித்துத்தான்.

உள்ளே அண்ணனின் தாடை இறுகியது. மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கொடுத்தார்களாம். காய்ச்சல் ஏறியது, எதற்கும் இறங்கவில்லை. அண்ணன் போய்விட்டான்.

சாவு வீட்டில் அத்தை பெரியப்பா அருகில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்: "சொன்னியா அண்ணே?"

"சொல்லிச் சொல்லியே என் புள்ளைய கொன்னுட்டியேடி! உன் வாயில நல்லதே வராதா?" என்று அவர் அலறினார்.

கூட்டம் அவருக்காகத்தான் உச்சுக்கொட்டியது. அத்தை எழுந்து, சுவரோரம் அழுதுகொண்டிருந்த அவருடைய மகளிடம் போனாள்.

"பாப்பா, நாளைக்கு உனக்கு எதுனா ஆபரேஷன்னா நீயே டாக்டர்கிட்ட..."

முடிக்க விடவில்லை. சித்தப்பா அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தெருவில் விட்டுக் கதவைச் சாத்தினார். பெரியம்மா எழுந்து போய், பெரியப்பாவுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.