சுமான் விற்ற காண்டிங்கும் பாய்மர அணியும்

மழை கொட்டிய ஒரு சாயங்காலம், மணிலா அரங்கத்தின் பின்வாசல் படியில் நெடுநெடுவென்று ஒரு இளைஞன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். பாய்மரம் என்ற கூடைப்பந்து அணியின் நார்டோ. கடைசி நொடியில் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் கோட்டைவிட்டு, சொந்த ரசிகர்களிடமே ஊளை வாங்கி வந்திருந்தான். காண்டிங் தன் கூடையில் மீந்திருந்த ஒட்டரிசிச் சுமான் இரண்டை வாழையிலையோடு அவன் கையில் வைத்தாள்.

"ஆட்டம் பாத்தீங்களாம்மா?" அவன் பயந்துகொண்டே கேட்டான்.

"என்ன ஆட்டம்? நான் சுமான் விக்கிறவ தம்பி. சாப்பிடு, ஆறிப்போச்சு."

இரண்டு மணி நேரம் அவன் பெயரைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியவள் அவள்தான். குடையோடு பின்னால் நின்ற பெலிசாவுக்கு மட்டும் அது தெரியும். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

பெலிசா, மணிலாவை ஒட்டிய மாலபோனில் காண்டிங்கின் பக்கத்து வீட்டுக்காரி. மாதா கோவில் பீடத்துணிகளைத் துவைப்பவள். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடும் சுபாவம். அப்படித் தலையாட்டித்தான் பன்னிரண்டு வருடமாகக் காண்டிங்கோடு அரங்கத்தின் மேல் கேலரிக்கும் வந்துகொண்டிருந்தாள்.

பாய்மரம், மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் கம்பெனியின் அணி. எதிர் அணிக்காரர்கள் "டப்பா மீன்! டப்பா மீன்!" என்று கூவுவார்கள். காண்டிங் விடமாட்டாள். "டப்பா மீன்தான்டா! போன புயல்ல உங்க வீட்டுல வேற என்னத்தத் தின்னீங்க?"

அந்த வருடம் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது: அடுத்த சுற்றுக்குப் போகும் எட்டு அணிக்குள் வராவிட்டால் பாய்மரத்தை ஒரு டெலிபோன் கம்பெனிக்கு விற்றுவிடுவார்கள். பெயர் போகும், நிறம் போகும், ஆட்களும் சிதறிவிடுவார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ராத்திரி, இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் கழுகு அணி தோற்க வேண்டும். இரண்டாவதில் பாய்மரம் ஜெயிக்க வேண்டும்.

முதல் ஆட்டம் தொடங்கியதும் பெலிசா ஜெபமாலையை எடுத்தாள்.

"எதுக்குடி அது?"

"கழுகு தோக்கணும்னு, அக்கா..."

"உள்ள வை. அந்தப் பிள்ளைங்களப் பெத்தவளும் மாலையோடதான் உக்காந்திருப்பா. மாதாவை ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிவிடாதே."

யாரும் ஜெபிக்காமலே கழுகு தோற்றது. காண்டிங் குதித்த குதியில் பக்கத்து ஆளின் வேர்க்கடலை மூன்று வரிசைக்குச் சிதறியது. அப்போதுதான் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: கழுகும் பாய்மரமும் வெற்றிக் கணக்கில் சமமாக நின்றால் புள்ளிக் கணக்குப் பார்ப்பார்கள், பாய்மரம் ஏழு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாக வேண்டும்.

"ஏழா? எட்டே போடுவோம்!" என்றாள் காண்டிங்.

போட முடியவில்லை. ஆட்டம் முடியப் பத்து நொடி இருக்கையில் பாய்மரம் இரண்டே புள்ளி முன்னால். பந்து நார்டோவின் கையில். அப்போதுதான் ஜீப்னி வண்டி ஓட்டும் ரசிகன் தாசியோ எழுந்து கத்தினான்.

"நம்ம கூடையிலயே போடுடா! சமமாக்கு! சமமானா இன்னும் அஞ்சு நிமிஷம் ஆட விடுவாங்க, அதுல ஏழு அடிச்சுக்கலாம்!"

அப்படிப் போட்டால் செல்லாது என்பது மேலே இருந்த ஒருவருக்கும் தெரியாது. மொத்தக் கேலரியும் அதையே பிடித்துக்கொண்டது. "நம்ம கூடை! நம்ம கூடை!" பெலிசாவும்தான் கத்தினாள், ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டே.

காண்டிங் நாற்காலி மேல் ஏறினாள்.

"நார்டோ! கேக்காதடா இவனுங்க பேச்சை! அந்தப் பக்கம் போ! சொந்த வீட்டுல கல்லெறியவா இத்தனை வருஷம் வந்தோம்?"

அவ்வளவு உயரத்திலிருந்து அது அவன் காதில் விழுந்திருக்க முடியாது. நார்டோ ஒரு கணம் தயங்கிக் கோச்சைப் பார்த்தான். கோச் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவன் எதிர்க் கூடைக்கே ஓடிப் போய்ப் பந்தைப் போட்டான். நாலு புள்ளி முன்னால். மணி அடித்தது.

கைதட்டியது காண்டிங் ஒருத்திதான். மற்றவர்கள், அணி வெளியேறினால் செய்கிற வழக்கப்படி, சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

"போச்சு! எல்லாம் போச்சு! நீயும் திருப்பிப் போடு அக்கா!" என்று கத்தினான் தாசியோ. அவன் கண் கலங்கியிருந்தது.

"ஜெயிச்ச அன்னிக்கு எவன்டா சட்டையத் திருப்புவான்?"

பாய்மரத்தின் ஊதா நிறச் சட்டையோடுதான் அவ்வளவு படியும் நிமிர்ந்து இறங்கினாள். பெலிசா தன் சட்டையைப் பாதி திருப்பியிருந்தாள்; வெட்கப்பட்டு மறுபடி நேராக்கிக்கொண்டாள்.

சொன்னபடியே அணியை விற்றார்கள். டெலிபோன் கம்பெனிக்காரர்கள் மாலபோன் சந்தைக்கு வந்து புதுச் சட்டைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். காண்டிங்கிடமும் ஒன்றை நீட்டினார்கள். "அடுப்படித் துணி எங்கிட்ட இருக்கு தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வருடம் முழங்கால் ஒத்துழைக்காமல் மிந்தோரோ தீவில் இருந்த மகளிடம் கிளம்பினாள். பெலிசா படகுத்துறை வரை மூட்டையைத் தூக்கி வந்தாள். இருவரும் அதற்குப் பிறகு சந்திக்கவில்லை. படகு ஏணியில் பாதி ஏறியவள் திரும்பி, வழியில் நின்றவர்கள் முணுமுணுப்பதைப் பொருட்படுத்தாமல் உரக்கச் சொன்னாள்:

"பாய்மரம் தோத்துப்போச்சுன்னு எவனாவது சொன்னா, தலையாட்டிட்டு நிக்காதே பெலிசா. வித்துட்டாங்கன்னு சொல்லு. தோக்கலைன்னு சொல்லு."