பதினான்காம் நம்பர் மனையின் செக்குபந்தி

அந்த யோசனை எனக்கு வந்தது ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்தின்போது, சாப்பாட்டு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில். வரைபடத்தைக் கையில் எடுத்தால் முதலில் வடக்கைப் பார்த்து நில்லுங்கள், அப்போதுதான் காகிதத்தில் வலது பக்கம் இருப்பது தரையிலும் வலது பக்கம் இருக்கும் என்றார் டீச்சர். வகுப்பே இந்தியாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் பையில் இந்தியாவைவிட முக்கியமான வரைபடம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டு மனைப் பத்திரத்தின் ஜெராக்ஸ். அதன் கடைசிப் பக்கத்தில் லேஅவுட் பிளான். அதை மனைக்கே கொண்டுபோய், வடக்கைப் பார்த்து நின்று பிடித்துப் பார்த்தால் என்ன?

பத்திரம் பள்ளிக்கூடப் பையில் இருந்ததற்குக் காரணம் அதிலிருந்த வார்த்தைகள்தான். அப்போது எனக்கு வார்த்தைப் பைத்தியம் பிடித்திருந்தது. வீடு கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். வெட்டிய பள்ளத்தை மேஸ்திரி கடைக்கால் என்றார், மாமா ஃபவுண்டேஷன் என்றார். மேஸ்திரிக்கு வீடு எட்டுச் சதுரம். மாமாவுக்கு எண்ணூறு ஸ்கொயர் ஃபீட். நோட்டில் கோடு போட்டு, மேஸ்திரிக்கு ஒரு பக்கம், மாமாவுக்கு ஒரு பக்கம், பத்திரத்துக்கு ஒரு பக்கம் என்று எழுதி வந்தேன். பத்திரத்தின் பக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் அளவு சொல்லும்போது கிழமேல் ஜாதியடி, தென்வடல் ஜாதியடி என்று வரும்; கிழக்கு மேற்காக இத்தனை அடி, தெற்கு வடக்காக இத்தனை அடி என்று அர்த்தம். ஒரு மனைக்கு நாலு பக்கமும் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் இடத்துக்குச் செக்குபந்தி என்று பேர். அந்த நாலு வரியைச் செய்யுள் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வடக்கில் இருபதடி அகல ரோடு. கிழக்கில் 13-ம் நம்பர் மனை. மேற்கில் 15-ம் நம்பர் மனை. தெற்கில் 7-ம் நம்பர் மனை. இதன் மத்தியில் இருப்பது நாங்கள்.

மனை, ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. முள்ளங்கி போட்ட காட்டை மட்டப்படுத்தி, வரிசைக்குப் பத்தாக இரண்டு வரிசை பிரித்திருந்தார்கள். முதல் வரிசை தெற்கு ரோட்டைப் பார்க்கும், இரண்டாம் வரிசை வடக்கு ரோட்டைப் பார்க்கும். இரண்டுக்கும் முதுகு ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். எங்களுடையது இரண்டாம் வரிசை. இடத்தைக் காட்டியவர் அம்மாவின் தம்பி. மனை விற்கும் ஒருவரிடம், ஆட்களைப் பைக்கில் கூட்டிப்போய் இடம் காட்டுவதுதான் மாமாவின் வேலை. அப்ரூவ்டு லேஅவுட், கிளியர் டைட்டில், டாக்குமென்ட் பக்கா என்று அவர் அடுக்கும்போது, கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்த அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். நாங்கள் லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே சுவரில் ஏழு குடும்பம், ஒரே குழாய். நான் பிறந்ததே அங்கேதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இந்த மனையைத் தவிர வேறொன்றும் இல்லை. கடைக்கால் முடிந்து, பேஸ்மென்ட் மட்டத்துக்கு வந்தாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை வாசக்கால் வைக்க நாள் குறித்திருந்தார்கள்.

சனிக்கிழமை அம்மா வேலையாட்களுக்கு டீ கொண்டுபோனபோது நானும் போனேன். மண் மேட்டின் மேல் ஏறி, ஜெராக்ஸை விரித்து, வடக்கைப் பார்த்து நின்றேன்.

"பாப்பா, மனையப் பாத்து நில்லு. நீ ரோட்டப் பாத்து நிக்கற," என்றார் மாமா.

"வடக்கப் பாத்துதான் மாமா நிக்கணும். எங்க டீச்சர் சொன்னாங்க."

"உங்க டீச்சர் எத்தன லேஅவுட் போட்டிருக்காங்க?"

மேஸ்திரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிளானில் என் வலது கைப் பக்கம் பதிமூன்று இருந்தது. தரையில் என் வலது கைப் பக்கம் இருந்த வீட்டுக்காரர்கள் தங்களைப் பதினைந்து என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கிழக்கால பதிமூணுன்னு போட்டிருக்குது மாமா. ஆனா பதிமூணாம் நம்பர் வீடு மேக்கால இருக்குது."

"எழுதுனவன் மாத்தி எழுதியிருப்பான். பத்திரம்னா ஒண்ணு ரெண்டு கிளரிக்கல் மிஸ்டேக் இருக்கத்தான் செய்யும். டைட்டில் கிளியரா, அதப் பாரு."

"தெக்க ஏழுன்னு போட்டிருக்குது. பின்னாடி வீட்டுச் செவுத்துல நாலுன்னு பெயின்ட்ல எழுதியிருக்குதே?"

மாமா பின்னால் திரும்பிப் பார்த்தார். காம்பவுண்டுச் சுவரில் நீல பெயின்டில் நாலு, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி. அவர் எத்தனையோ தடவை அந்தச் சுவரில் சாய்ந்து போன் பேசியிருக்கிறார்.

அப்பா அப்போதுதான் முதல் ஷிப்டு முடித்து, கம்பெனிச் சட்டையோடு வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கினார். ரோட்டில் நின்று மனையைப் பார்த்தபடி அதைத் தலைகீழாகத் திருப்பினார். பிறகு எங்கள் வரிசையின் கிழக்குக் கோடிவரை நடந்துபோய், அங்கிருந்து ஒவ்வொரு மனையாக விரல்விட்டுக்கொண்டே திரும்பி வந்தார். பாதிக்கு வருமுன்பே நின்றுவிட்டார். நின்றது ஒரு ரோஸ் கலர் மாடி வீட்டின் முன்னால்.

"ஏர் திருப்புற மாதிரி போட்டிருக்கான் மாப்ள," என்றார். "மொத வரிசை அந்தக் கோடி போயி, அங்கயே திரும்பி இந்த வரிசையா வருது. நாம திரும்பாம, மறுபடியும் இந்தப் பக்கத்துலருந்தே எண்ணிட்டோம்."

"நான் எங்க மாமா எண்ணுனேன்? மொத வீடு கட்டுனவன் எண்ணுனான். அடுத்தவன் அவன் வீட்டப் பாத்து எண்ணுனான். நான் அவங்க ரெண்டு பேரையும் பாத்து..." மாமாவுக்கு அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அவருக்கு வார்த்தை வராமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தேவுடா," என்றார் மேஸ்திரி. "அண்ணா, வெள்ளிக்கெழம வாசக்கால் வைக்கறதா, பள்ளத்த மூடறதா? அத மட்டும் சொல்லிப்போடுங்க, ஆளுங்களுக்குச் சொல்லணும்."

"நம்ம மனையத் திருடிட்டாங்க!" என்று நான் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். ஜெராக்ஸை வைத்துக் கணக்குப் போட்டதில், ரோஸ் கலர் வீடு நின்றது எங்கள் பதினான்கில். எங்கள் கடைக்கால் இறங்கியிருந்தது பதினேழில். பதினேழு யாருடையது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் ரோஸ் கலர் வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், தளிப் பக்கத்து ஊர். வீட்டில் கன்னடம் பேசுவார்கள். "குத்கோளி, குத்கோளி" என்று பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். சமையலறையில் அவர் மனைவி மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா ஜெராக்ஸை மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னார். சுற்றி வளைக்காமல், ஷிப்டு மாறும்போது மெஷின் நிலவரம் சொல்கிறமாதிரி சொன்னார். டிரைவர் எழுந்து உள்ளே போய்த் தன் பத்திர ஜெராக்ஸைக் கொண்டுவந்தார். அசல் பேங்கில் இருக்கிறது, வீட்டு லோன் என்றார். தமிழ் பேச வரும், படிக்கத்தான் கொஞ்சம் நேரமாகும் என்று காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

நான் உரக்கப் படித்தேன். பதினேழாம் நம்பர் மனை. வடக்கில் இருபதடி அகல ரோடு. கிழக்கில் 16-ம் நம்பர் மனை. மேற்கில் 18-ம் நம்பர் மனை. தெற்கில் 4-ம் நம்பர் மனை.

"நாலா?" என்றார் டிரைவர்.

அவர் எழுந்து பின்பக்க ஜன்னலைத் திறந்து பார்த்தார். அங்கே ஏழாம் நம்பர்க்காரரின் மாட்டுக்கொட்டகை தெரிந்தது. ஏழு என்று அவருக்குத் தெரியும். தினம் காலையில் அங்கேதான் பால் வாங்குகிறார்கள். மிக்ஸி நின்றது.

இப்போது சண்டை வரும் என்று நான் காத்திருந்தேன். எனக்குக் கொஞ்சம் ஆவலாகக்கூட இருந்தது.

"இடிக்கச் சொன்னா நான் என்ன பண்ணட்டும் ஸார்?" என்றார் டிரைவர். குரல் தாழ்ந்திருந்தது. "ரெண்டு வருசம்தான் ஆகுது கிரகப்பிரவேசம் பண்ணி."

"நான் இடிக்கச் சொல்ல வரலைங்க," என்றார் அப்பா. "நீங்க சொல்லிடுவீங்களோன்னுதான் வந்தேன்."

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். பரிவர்த்தனைப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது, இவர் மனையை அவருக்கும் அவர் மனையை இவருக்கும் மாற்றி எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம் என்றார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக மாமா சொன்ன ஒரு வார்த்தைக்கு அப்பா தலையாட்டாமல் கேள்வி கேட்டார்.

"அசல் பேங்க்ல இருக்குதே மாப்ள. லோன் முடியாம எப்படி எழுதுவாங்க?"

"முடிஞ்சதும் எழுதிக்கலாம் மாமா."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் நான் உங்க மண்ணுல தூங்கறேன்," என்றார் டிரைவர். "நீங்க என் மண்ணுல வாசக்கால் வைங்க. இதுல யார் யார ஏமாத்த முடியும், சொல்லுங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா டிரைவரின் மனைவியைப் பார்த்தாள். பெண்கள் இருவருக்கும் அதற்கு முன்னால் பழக்கம் கிடையாது. அந்த அம்மாள் மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வையிங்க அக்கா, நாங்களும் வர்றோம்," என்றார்.

வாய்ப்பேச்சோடு விட வேண்டாம், ஒரு வெள்ளைத்தாளிலாவது எழுதிக்கொள்வோம் என்று முடிவானது. கையெழுத்து அழகாக இருப்பது எனக்குத்தான் என்றாள் அம்மா. இரண்டு மனையின் செக்குபந்தியையும் நானே எழுதினேன். கிழமேல் ஜாதியடி முப்பது, தென்வடல் ஜாதியடி நாற்பது என்று ஒன்றுவிடாமல் எழுதி, பெரியவர்கள் ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். என் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தேன். மைனர் போடக்கூடாது என்று மாமா தடுத்துவிட்டார். மைனர் என்ற வார்த்தையை அன்றே நோட்டில் ஏற்றினேன்.

கிளம்பும்போது டிரைவரின் மனைவி கதவருகே நின்று மெதுவாகக் கேட்டார். "மத்த வீட்டுக்காரங்களுக்கு?"

மாமா பைக் சாவியைத் தேட ஆரம்பித்தார். அவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் வாசக்கால் வைத்தோம். வேப்ப மரச்சட்டத்துக்கு மஞ்சள் பூசி, அடியில் நவதானியமும் பொட்டுத் தங்கமும் போட்டார்கள். வழக்கப்படி பால் ஊற்ற வேண்டியது மனைக்குச் சொந்தக்காரத் தம்பதி. மேஸ்திரி சொம்பை வைத்துக்கொண்டு இரண்டு ஜோடியையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா அவரிடமிருந்து சொம்பை வாங்கி டிரைவரின் மனைவி கையில் கொடுத்து, தன் கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள். நாலு பேருமாக ஊற்றினார்கள். வரிசையிலிருந்த வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். தன் வீட்டைப் பதிமூன்று என்று நம்பிக்கொண்டிருந்த அக்கா, "அவங்க உங்களுக்குச் சொந்தமா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஆமாங்க்கா, சொந்தந்தான்."

அது அப்படி இல்லை, நடந்தது என்னவென்றால் என்று நான் விளக்கத் தொடங்கினேன். 'அக்கா, உங்க வீடுகூட' என்பதுவரைதான் வந்தது. அம்மா ஒரு கை கேசரியை என் வாயில் திணித்தாள். நெய் வழிந்த கேசரி, சூடு வேறு. விழுங்கி முடிப்பதற்குள் அந்த அக்காவின் கையில் பொட்டலத்தைக் கொடுத்து வாசல்வரை கூட்டிப்போய்விட்டாள். அந்த வயதில் எனக்கு அது பாசமாகத்தான் தெரிந்தது.

அன்று ராத்திரி பையைத் திறந்தபோது ஜெராக்ஸ் இல்லை. அம்மாவிடம் கேட்டேன், எங்கேயோ வைத்துவிட்டேன் தேடித் தருகிறேன் என்றாள். மாமாவிடம் அளக்கும் டேப் கேட்டேன், அறுந்துவிட்டது என்றார். அப்பா என் தலையில் கை வைத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். பெரியவர்கள் மூன்று பேரும் இவ்வளவு கவனக்குறைவானவர்களாக இருக்கிறார்களே என்று எனக்கு அவர்கள்மேல் இரக்கமாக இருந்தது.

ஜெராக்ஸ் எனக்குத் தேவைப்படவில்லை. நம்பர்கள் மனப்பாடம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் இருபது, பன்னிரண்டில் பத்தொன்பது, பதிமூன்றில் பதினெட்டு, பதினைந்தில் பதினாறு. எங்கள் இரண்டையும் விட்டால் எட்டு மனை, அதில் ஆறில் வீடு. ஆறு வீட்டுக்காரர்களும் எனக்கு நன்றி சொல்வார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். காலையில் அம்மா எழுவதற்கு முன்பே கிளம்பி, கிழக்குக் கோடி வீட்டிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருவது என்று முடிவு செய்தேன்.