நடக்காத ஆளுக்கு ஒரு ஸ்தோத்திரக் குலை

போன வாரம் நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறினேன். எனக்குப் பின்னால் ஏறிய ஒரு அம்மா கையிலிருந்த மட்டி வாழைக்குலையை என் காலடியில் இறக்கிவிட்டு, "இது இங்க இருக்கட்டு மக்கா, சவுட்டிராதே" என்றார். மிதிக்காமல் காலை ஒதுக்கிக்கொண்டேன். நன்றாகப் பழுத்த குலை. கொஞ்ச நேரத்தில் பஸ் முழுக்க அந்த மணம்தான். எனக்கோ சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவளிடம் எப்படிச் சொல்ல? உங்களிடம் சொல்லலாம். நான் ஒரு காலத்தில் இதே மாதிரி ஒரு குலையைச் சுமந்துபோய், ஒரு சபை முழுவதையும் ஏமாற்றியவள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ஆரியங்கோட்டில் பிறந்த என்னை உதியன்குளங்கரைப் பக்கம் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நல்லமிளகு பறிக்க மூங்கில் ஏணியில் ஏறிய என் வீட்டுக்காரர், ஏணியோடு சாய்ந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்துவிட்டு, "நடக்கலாம், நடக்காமலும் போகலாம். பொறுமையா இருந்து பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

பொறுமை எனக்கு அறவே வராத சங்கதி. சோறு வேகும் முன்னால் நாலு தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். கர்த்தரிடமும் அதே கதைதான். வருகிற ஞாயிற்றுக்குள் இவரை எழுப்பிவிடும் என்று கெடு வைத்துத்தான் ஜெபிப்பேன். ஞாயிறு வரும். இவர் கிடந்தபடியே, "நேரமாச்சு, நீ சபைக்குப் போ" என்பார். நான் கெடுவை அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளி வைப்பேன். காலையும் மாலையும் இவர் காலுக்கு வர்ம எண்ணெய் தேய்த்துத் தேய்த்து, நல்ல சேலை கட்டினாலும் என்மேல் எண்ணெய் வாடைதான் வீசும்.

நாலு மாதம் ஆனதும் வெறும் ஜெபம் போதாது என்று தோன்றியது. எங்கள் ஆரியங்கோட்டுச் சபையில் ஒன்றைக் கேட்கப் போகும்போதே விளைச்சலில் நல்லதைக் கையில் எடுத்துக்கொண்டு போவோம். புகுந்த ஊர்ச் சபையிலோ, கேட்டது கிடைத்த பிறகுதான் காணிக்கை வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதை முற்றத்தில் ஏலம் விடுவார்கள். இந்த வித்தியாசத்தை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற பொறுமை இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்!

வீட்டுக்குப் பின்னால் விளைந்த மட்டிக்குலையைக் கொண்டுபோய்ப் பீடத்தின் முன்னால் வைத்தேன். உபதேசியார் குலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"நம்ம சகோதரன் எழும்பி நடந்துட்டாராக்கும்! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

சபை முழுக்க அல்லேலூயா. அடுத்த வீட்டுத் தங்கம்மை அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் வந்த நேரத்தில் எல்லாரும் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

அதோடு விட்டார்களா? நடக்கிற ஆளைப் பார்க்க இருபது பேர் என் பின்னாலேயே வந்தார்கள். உபதேசியார் முதலில் வீட்டுக்குள் நுழைந்து, "எப்பம் நடந்தீரு?" என்றார்.

கட்டிலில் கிடந்த இவர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "நான் நடந்தேனாக்கும்? என்கிட்ட ஒருத்தரும் சொல்லல்லியே!"

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். விழுந்த நாளிலிருந்து அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்ததில்லை. கட்டில் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். தங்கம்மை அக்காதான், "ஸ்தோத்திரம் சொல்லியாச்சு. இனி திருப்பி வாங்க முடியுமா? முன்கூட்டிச் சொன்னதா இருக்கட்டு, போங்க" என்று தீர்ப்புச் சொன்னாள்.

ஆனாலும் பொய் எனக்கு உறுத்தியது. அதைச் சரிக்கட்ட ஒரு முடிவெடுத்தேன். ஒவ்வொரு வாரமும் மெய்யாகவே என்ன நடந்ததோ, அதற்குத் தக்க ஒன்றைக் கொண்டுபோய் வைப்பது. வலது பெருவிரல் அசைந்த வாரம் ஒரு முருங்கைக்காய். முட்டு மடங்கிய வாரம் ஒரு தேங்காய். சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்த வாரம் ஒரு மூடு மரச்சீனிக் கிழங்கு, அதுவும் மண்ணோடு. நான் சபைப் படி ஏறும்போதே பெண்கள் என் கையைப் பார்ப்பார்கள். "தேங்காய் உண்டு பிள்ளே, ஆளு தேறி வாறாரு" என்று ஒருத்தி மற்றவளிடம் சொல்வது என் காதில் விழும்.

கொண்டுபோக ஏதாவது வேண்டுமே என்று வாரம் முழுக்க அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கெடு வைக்க மறந்தே போனேன். காலைப் பார்த்ததில் ஆளையும் பார்த்தேன். வலிக்கும்போது இவர் என்னிடம் வேண்டுமென்றே கேலி பேசுவார் என்பது ஒன்றரை வருடம் கூட வாழ்ந்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, நான் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்துத் தனியே எழும்பப் பார்த்து விழுந்தார். மறுபடி இடுப்புக்குக் கீழே அசைவில்லை. எட்டு மாதத்து முருங்கைக்காயும் தேங்காயும் வீண். மறுநாள் நான் சபைக்குப் போகவில்லை என்றேன். கர்த்தர்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

இவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். "எட்டீ, போ. எதாவது கொண்டு போ. வெறுங்கையோட போனா ஆளுக பயந்துருவாங்க" என்றார்.

நான் முற்றத்தில் இறங்கி, கையில் அகப்பட்ட கறிவேப்பிலையை ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போனேன். உபதேசியார் மெல்லக் கேட்டார்: "இது எதுக்காக, பிள்ளே?"

"ஒண்ணுக்கும் இல்ல. சும்மா."

அவர் சபையைப் பார்த்துத் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சகோதரி சும்மா ஒரு ஸ்தோத்திரம் சொல்லுதா" என்றார். யாரும் அல்லேலூயா போடவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு ஆமென் வந்தது. கிடைத்ததற்காக இல்லாமல் நான் முதன்முதலாகச் சொன்ன நன்றி அது. கோபம் போகவில்லை. ஆனால் கோபத்தோடேயே கர்த்தருடைய சமுகத்தில் நிற்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்படி நின்றதில் மனசு எவ்வளவு இலேசாயிற்று என்று எப்படிச் சொல்வேன்!

அன்றைய ஏலத்தில் அந்தக் கறிவேப்பிலைக்கு நடந்த போட்டி எந்தக் குலைக்கும் நடந்ததில்லை. கடைசியில் எடுத்தவள் தங்கம்மை அக்கா. சாயங்காலம் அதைத் தாளித்துப் போட்ட மீன்கறியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

மறுவருடம் அறுப்பின் பண்டிகைக்கு இவர் நடந்தார். என் இடது தோளில் கையை ஊன்றிக்கொண்டு, ஐந்து நிமிட வழியை ஒரு மணிநேரத்தில் கடந்தோம். வீட்டுக்கு வீடு ஆட்கள் இறங்கி நின்றார்கள். உபதேசியார் வாசலில் நின்று, "குலை எங்கே?" என்றார். "அது அப்பவே தந்தாச்சே!" என்றார் இவர்.

இப்போது சபையில் ஏலம் கிடையாது. காணிக்கையைப் போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். உபதேசியாரும் தங்கம்மை அக்காவும் கர்த்தரிடம் போய்விட்டார்கள். முட்டுவலி எனக்கு வந்திருக்கிறது. இவரோ நல்ல நடை நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பத்தடி முன்னால் போய்த் திரும்பி நின்று, "எட்டீ, வேகம் வா, மணி அடிச்சாச்சு" என்று சத்தம் போடுவார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அதற்கு ஸ்தோத்திரம் சொல்லாத நாளில்லை. கேட்காமலே ஒன்று கிடைத்திருந்தது, என் இடது தோளில் அந்தக் கையின் கனம். அவர் கால் தேறத் தேற அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் இல்லாமல் போயிற்று.